ஊசியில் நூல் கோக்கும் கண்

“கண்ணு நல்லாத்தான்ப்பா தெரியுது. இப்பவும் கண்ணாடி போடாம ஊசியில நூல் கோத்துருவேன்.”

சர்க்கரை நோயாளிகளுக்கான கண் பரிசோதனை முகாம் எதற்குப் போனாலும் இதைக் கேட்காமல் திரும்ப முடியாது. ஊசிக்குப் பதில் வேறு ஏதாவது வரும். அரிசியில் கல் பொறுக்குவேன் என்பார் ஒருவர். தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டைப் படித்துவிடுவேன் என்பார் இன்னொருவர். யாரும் பொய் சொல்வதில்லை. அவர்கள் பார்வை உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. சிக்கலே அதுதான்.

கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரையை எடுத்து விரித்தால் ஒரு பெரிய தபால்தலை அளவுக்கு வரும். சுமார் 1,100 சதுர மில்லிமீட்டர். ஊசியின் காதைத் தேடுவதற்கும் பேப்பர் படிப்பதற்கும் நாம் பயன்படுத்துவது இதன் நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கும் ஒரு சிறு குழியை மட்டுமே. கடுகளவு இடம். மற்ற இடமெல்லாம் ரத்தம் கசிந்துகொண்டிருந்தாலும், அந்தக் கடுகு நனையாத வரைக்கும் நூல் கோக்கலாம். மருத்துவமனையில் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை தடுமாறாமல் வாசிக்கலாம். 6/6 என்று சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, கண் செக்கப் முடிந்தது என்று பீரோவில் வைத்துவிடுகிறோம்.

விழித்திரைக்கு வலியும் தெரியாது. பல் சொத்தையானால் ராத்திரி தூங்கவிடாது. காலில் முள் குத்தினால் நொண்டுவோம். விழித்திரை பத்து வருடம் கெட்டுக்கொண்டே இருந்தாலும் சின்ன முனகல்கூட இருக்காது.

டாக்டர்கள் ‘ரெட்டினா’ என்று சொல்வதை நம்மவர்கள் ‘கண் நரம்பு’ என்று மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். “நரம்புல ரத்தக் கசிவாம்” என்பது வழக்கமான பேச்சு. சொல்பவருக்குத் தெரிந்தோ தெரியாமலோ இந்தப் பெயர் பொருத்தமானது. கருவில் மூளையிலிருந்து கிளைத்து வளரும் நரம்புத் திசுதான் விழித்திரை. உடம்பில் தோலைக் கீறாமல், கருவியைச் செருகாமல், ஓடும் ரத்தக்குழாய்களை நேரடியாகப் பார்க்க முடிகிற அரிய இடங்களில் ஒன்றும் இதுதான். கண்மணி என்கிற ஜன்னல் திறந்தே இருக்கிறது. எட்டிப் பார்க்கத்தான் ஆள் வேண்டும்.

உள்ளே நடப்பது என்ன? உடம்பில் எடைக்கு எடை மிக அதிகமாக ஆக்சிஜனை எரிக்கும் திசுக்களில் விழித்திரையும் ஒன்று. தசையும் கொழுப்பும் சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ள இன்சுலினை எதிர்பார்க்கும். விழித்திரை எதிர்பார்ப்பதில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அதன் செல்களுக்குள்ளும் ஏறிவிடும். அதனால் முதலில் அடிபடுகிறவை மிக மெல்லிய ரத்தக்குழாய்கள். அவற்றை வெளியிலிருந்து அணைத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் செல்களுக்குப் பெரிசைட் என்று பெயர்.

இது தெரியவந்த விதம் அழகானது. பள்ளிக்கூடத்தில் அரச இலையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பச்சையெல்லாம் அழுகிக் கழன்றபின் நரம்பு வலையை மட்டும் எடுத்து நோட்டுக்குள் வைத்திருப்போம். 1960-61 வாக்கில் அமெரிக்காவில் டேவிட் கோகனும் தோய்ச்சிரோ குவாபாராவும் செய்தது கிட்டத்தட்ட அதுவே. இறந்தவர்களின் விழித்திரையை டிரிப்சின் என்ற நொதியில் ஊறவைத்தார்கள். சதை கரைந்து, ரத்தக்குழாய் வலை மட்டும் மிஞ்சியது. சர்க்கரை நோயாளிகளின் வலையில் பெரிசைட்டுகள் இருக்க வேண்டிய இடங்களில் காலிக் கூடுகள் தெரிந்தன.

பிடிமானம் போன இடத்தில் குழாய் பிதுங்குகிறது. பழைய சைக்கிளில் டயர் கிழிந்த இடத்தில் டியூப் புடைத்துக்கொண்டு நிற்குமே, அப்படி. இந்தப் புடைப்புகள் பெரும்பாலும் ஒரு தலைமுடியின் தடிமன் அளவே இருக்கும். கேமராவில் பார்த்தால் பேனா முனையால் வைத்த சிவப்புப் புள்ளிகள் போலத் தெரியும். நோயை நாம் கண்ணால் காணக்கூடிய முதல் அடையாளம் இந்தப் புள்ளிகள்தான். புடைத்த இடத்தில் நீர் கசியும். ரத்தத்தில் இருக்கும் கொழுப்பும் கூடவே வெளியேறி, நீர் வற்றிய பிறகு மஞ்சள் துணுக்குகளாகத் தங்கிவிடும். இன்னும் சில இடங்களில் குழாய் அடைத்துக்கொள்ள, அங்கே பஞ்சைப் பிய்த்துப் போட்டது போல வெள்ளைத் திட்டுகள் தெரியும்.

அடைப்புதான் பெரிய ஆபத்துக்கு வழி திறக்கிறது. கண்மாய்ப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். வாய்க்கால் தூர்ந்துபோனால் முதலில் காய்வது கடைமடை. காய்ந்த வயல்காரர்கள் சும்மா இருக்கமாட்டார்கள், சத்தம் போடுவார்கள். விழித்திரையின் காய்ந்த பகுதியும் சத்தம் போடுகிறது. புதுக் குழாய்கள் வளரட்டும் என்று ஒரு வேதிச் செய்தியை அனுப்புகிறது. அப்படி ஏதோ ஒன்று சுரக்க வேண்டும் என்று 1948-லேயே மைக்கேல்சன் என்ற கண் மருத்துவர் ஊகித்திருந்தார். அந்தப் புரதம் பிரித்தெடுக்கப்பட்டது 1989-இல். வி.இ.ஜி.எஃப். என்று அதற்குப் பெயர். அந்த அழைப்பைக் கேட்டு வளரும் புதுக் குழாய்கள், கரை கட்டாமல் அவசரத்தில் வெட்டிய கால்வாய்கள். விழித்திரைக்குள் அடங்கி ஓடாமல், கண்ணின் நடுவே நிறைந்திருக்கும் கூழ் போன்ற பொருளின் மேல் படர்ந்து ஏறுகின்றன. ஒருநாள் உடைகின்றன. ‘காலையில எந்திரிச்சா கண்ணு முன்னாடி கறுப்பா மை கொட்டினாப்ல இருந்துச்சு’ என்று நோயாளி சொல்வது அந்த நாளைத்தான். அவருக்கு நோய் அன்றைக்குத்தான் தொடங்கியது. கண்ணுக்கு அது பழைய கதை.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதற்குப் பிரிட்டனில் நடந்த யு.கே.பி.டி.எஸ். ஆய்வில் ஒரு சான்று இருக்கிறது. சர்க்கரை நோய் இருப்பது புதிதாகத் தெரியவந்தவர்களை அதில் சேர்த்தார்கள். அவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் விழித்திரையில் ஏற்கெனவே ஏதாவது ஒரு அடையாளம், குறைந்தது ஒரு சிவப்புப் புள்ளியாவது, இருந்தது. நாற்பது, ஐம்பது வயதில் வரும் இரண்டாம் வகை நோய் ரத்தப் பரிசோதனையில் பிடிபடுவதற்குப் பல வருடங்கள் முன்பே உடம்பில் குடியேறிவிடுகிறது என்பதால், சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்த உடனேயே கண்ணையும் பார்த்துவிடச் சொல்கிறார்கள். ‘இப்பத்தானே சுகர் வந்துச்சு, அதுக்குள்ள கண்ணுக்கென்ன?’ என்ற கேள்விக்கு இதுதான் பதில். சிறு வயதில் வரும் முதல் வகைக்கு ஐந்து வருடம் அவகாசம் உண்டு; அது வரும் நாள் ஏறக்குறையத் துல்லியமாகத் தெரிந்துவிடுவதுதான் காரணம்.

சிகிச்சையின் கதை வேறு திசையிலிருந்து தொடங்குகிறது. 1945 ஜூலையில் ஒரு சூரிய கிரகணம். அதை வெறுங்கண்ணால் பார்த்து விழித்திரையைச் சுட்டுக்கொண்ட ஒரு மாணவர் ஜெர்மனியில் கெர்ட் மேயர்-ஷ்விக்கரத் என்ற இளம் மருத்துவரிடம் வந்தார். கண்ணுக்குள் சூரியன் வைத்த சூட்டுத் தழும்பைப் பார்த்த மருத்துவருக்கு, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு சூடு வைக்க முடிந்தால் என்ன என்று தோன்றியது. ஹாம்பர்க் மருத்துவமனையின் கூரையில் கண்ணாடிகளைப் பொருத்தி, சூரிய ஒளியையே நோயாளியின் கண்ணுக்குள் பாய்ச்சினார். மேகம் மூடினால் அன்றைக்குச் சிகிச்சை இல்லை. பிறகு செனான் விளக்கு வந்தது. அதற்குப் பிறகு லேசர்.

இதற்கிடையில் கண்ணைக் காப்பாற்ற மருத்துவம் எதையெல்லாம் முயன்றது என்பதை இன்று படித்தால் உடம்பு சிலிர்க்கிறது. பிரசவத்தின்போது பிட்யூட்டரி சுரப்பி செயலிழந்த ஒரு பெண்ணுக்கு விழித்திரை நோய் தானாகத் தணிந்ததை 1953-இல் ஒரு டென்மார்க் மருத்துவர் எழுதினார். அதை நம்பி, மூளைக்கு அடியில் இருக்கும் அந்தச் சுரப்பியையே அறுத்தெடுக்கும் சிகிச்சை சில வருடங்கள் நடந்தது. வேறு வழியில்லாத காலம்.

லேசர் பலன் தரும் என்று ஐயமற நிறுவியது 1976-இல் வெளியான அமெரிக்க ஆய்வு. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கண்ணில் மட்டும் சிகிச்சை தந்து, மற்றதை அப்படியே விட்டுப் பார்த்தார்கள். சிகிச்சை பெற்ற கண்களில் கடுமையான பார்வையிழப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. சிகிச்சை தராத கண்ணை இனியும் சும்மா விடுவது நியாயமில்லை என்று ஆய்வின் போக்கையே மாற்ற வேண்டியதாயிற்று. லேசர் செய்வது என்ன? கடைமடையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு சூடுகளை வைத்து, அந்த வயல்களைத் தரிசாக்கிவிடுகிறது. கேட்க ஆளில்லாமல் போகவே கூச்சல் அடங்குகிறது. மிஞ்சிய தண்ணீர் நடுவயலுக்குப் போகிறது. பிற்காலத்தில் வந்த ஊசி மருந்துகள் அந்த வேதிச் செய்தியையே இடைமறிக்கின்றன. இரண்டும் இருப்பதைக் காப்பாற்றும் வழிகள். செத்துப்போன விழித்திரையை எதுவும் உயிர்ப்பிக்காது.

‘லேசர் வச்சாத்தான் கண்ணு போயிரும்’ என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது வெறும் மூடநம்பிக்கை என்று நான் தள்ளமாட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் லேசர் வைத்தார், ஆறு மாதத்தில் பார்வை போனது. கண்ணால் பார்த்த சாட்சி அது. அவர் லேசருக்குப் போனதே மை கொட்டிய பிறகு என்பது மட்டும் அந்தச் சாட்சியத்தில் இடம்பெறுவதில்லை. புதுக் குழாய்கள் முளைப்பதற்கு முந்தைய, கடுமையான கட்டத்தில் இருக்கும் கண்களில் ஏறக்குறைய பாதி, ஒரே வருடத்துக்குள் அடுத்த கட்டத்துக்குத் தாண்டிவிடுகின்றன. அந்த ஒரு வருடத்தில் நூல் கோப்பதில் எந்தச் சிரமமும் இருக்காது. பிடிக்க வேண்டியது அங்கேதான்.

எப்படிப் பிடிப்பது என்று காட்டிய நாடு ஐஸ்லாந்து. மூன்று லட்சம் பேரைத் தாண்டாத நாடாக இருந்தபோது, 1980-இல், சர்க்கரை நோயாளிகளை வரிசையாகக் கூப்பிட்டுக் கண் பார்க்கத் தொடங்கினார்கள். அப்போது அவர்களில் 2.4 சதவீதம் பேர் பார்வையிழந்தவர்கள். கால் நூற்றாண்டில் அது 0.5 சதவீதமாகிவிட்டது. இங்கிலாந்து 2003-இல் தன் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 12 வயது நிரம்பிய ஒவ்வொரு சர்க்கரை நோயாளிக்கும் வீடு தேடிக் கடிதம் போகும். போய்ப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸில் உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்குக் குறைந்தது ஐம்பது வருடங்களாக முதல் காரணமாக இருந்த இந்த நோய், அந்த இடத்திலிருந்து இறங்கிவிட்டது என்று 2014-இல் ஓர் ஆய்வு சொன்னது. இந்த இரண்டு நாடுகளும் புது மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. நன்றாகக் கண் தெரிகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்தார்கள், அவ்வளவுதான்.

நம் கணக்கு மலைக்க வைக்கும். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடி சர்க்கரை நோயாளிகள். நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் நாடு தழுவி நடத்திய இன்னொரு ஆய்வில், சர்க்கரை நோயாளிகளில் 12.5 சதவீதம் பேருக்கு விழித்திரைப் பாதிப்பு. 4 சதவீதம் பேருக்குப் பார்வையைப் பறிக்கும் கட்டம். நூறு பேரில் அந்த நான்கு பேரைக் கண்டுபிடிக்க நூறு பேரின் இரண்டு கண்களையும் வருடம்தோறும் பார்க்க வேண்டும். விழித்திரை மருத்துவர்களை மட்டும் நம்பினால் இது ஒருநாளும் முடியாது.

இங்கேதான் மதுரையும் சென்னையும் கதைக்குள் வருகின்றன. படத்தைப் பார்த்து நோயின் நிலையைச் சொல்லக் கணினிக்குக் கற்றுத்தர முடியும் என்று 2016 டிசம்பரில் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாடப் புத்தகமாக அமைந்தவை 1,28,175 படங்கள். அமெரிக்காவிலிருந்து ஒரு பகுதி. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா மருத்துவமனைகளிலிருந்து மற்றது. ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு பேர் வரை தரம் பிரித்தார்கள். ஏன் இத்தனை பேர் என்றால், ஒரே படத்தைப் பார்த்து இரண்டு கண் மருத்துவர்கள் வேறு வேறு முடிவு சொல்வது சாதாரணம். ஒரே மருத்துவர் அடுத்த வாரம் தன் முடிவையே மாற்றுவதும் உண்டு. அத்தனை பேரின் கருத்து வேறுபாட்டையும் சராசரியாக்கிக் குடித்துத்தான் கணினி வளர்ந்தது. பிறகு அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் சோதித்தபோது, கையால் தரம் பிரிப்பவர்களுக்கு இணையாக, சில இடங்களில் மேலாகவும் நின்றது.

அந்தக் கணினிக்குச் சிவப்புப் புள்ளி என்றால் என்ன, ரத்தம் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தரவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி; கொஞ்சம் கலக்கமூட்டும் பகுதியும்கூட. 2018-இல் கூகுள் குழுவே விழித்திரைப் படத்தை மட்டும் காட்டி, இது ஆணா பெண்ணா என்று கேட்டது. பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிட்டது. நூற்றைம்பது வருடங்களாக விழித்திரையை உற்றுப் பார்த்த மருத்துவர்கள் ஒருவருக்கும் அப்படியொரு வேறுபாடு இருப்பதே தெரியாது.

ஆனால் ஆய்வகத்தை விட்டு வெளியே வந்ததும் நிலைமை மாறியது. தாய்லாந்தில் 11 மருத்துவ நிலையங்களில் கூகுளின் இந்தக் கருவியை வைத்துப் பார்த்தார்கள். முதல் ஆறு மாதத்தில் எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் ‘தெளிவில்லை’ என்று அது தள்ளிவிட்டது. மனிதக் கண் சமாளித்துப் படித்துவிடக்கூடிய படங்கள்கூட அதில் இருந்தன. காரணம் பெரும்பாலும் அற்பமானது: படம் எடுத்த அறையை இருட்டாக்க வசதியில்லை. இருட்டானால்தானே கண்மணி விரியும். படம் தேறாதவர்களை வேறொரு நாள் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். ஒருநாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்களுக்கு இன்னொரு நாள் வேலை கெட்டது.

அந்த இன்னொரு நாளையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். 2018-இல் வெளியான ஓர் ஆய்வுக்காகச் சென்னையில் 301 நோயாளிகளிடம், போனில் பொருத்திய கேமராவால் படம் எடுத்து வேறொரு கணினி நிரலிடம் கொடுத்தார்கள். பார்வையைப் பறிக்கும் கட்டத்தில் இருந்தவர்களில் 99.1 சதவீதம் பேரை அது பிடித்தது. அந்தக் கட்டத்தில் இல்லாதவர்களை இல்லை என்று சரியாகச் சொன்னது 80.4 சதவீதம். ஆயிரம் பேர் வரும் முகாமுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஆபத்தில் இருக்கும் 40 பேரில் ஏறக்குறைய எல்லாரையும் பிடித்துவிடும். மீதி 960 பேரில் 190 பேர் அளவுக்குத் தேவையில்லாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். நாற்பது பேரைக் காக்க நூற்றுத் தொண்ணூறு பேருக்கு ஒருநாள் கூலி போகிறது. என்னைக் கேட்டால் இது கொடுக்கத் தகுந்த விலை. ஆனால் அந்த விலையைக் கொடுப்பது கேமரா வாங்கியவரும் இல்லை, மென்பொருள் எழுதியவரும் இல்லை என்பதை யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதோடு, போய்ச் சேர்ந்தாலும் அங்கே சொட்டு மருந்து விட்டு உட்காரவைப்பார்கள். கண்மணி விரிந்தபின் பல மணி நேரம் வெளிச்சம் கூசும். கிட்டத்து எழுத்து மங்கும். வண்டி ஓட்டக் கூடாது. துணைக்கு ஒருவர் வர வேண்டும், அவருக்கும் அன்று லீவு. கணினி முப்பது வினாடியில் படத்தைப் படித்து முடிக்கிறதா, மூன்று வினாடியில் முடிக்கிறதா என்பதெல்லாம் இந்த நடைக்கு முன்னால் சின்ன விஷயம். தட்டையான படத்துக்கென்று ஒரு குறையும் உண்டு. நடுக்குழியில் நீர் கோத்து வீங்கியிருப்பதை அது நேராகக் காட்டாது. மஞ்சள் துணுக்குகளை வைத்து ஊகிக்கத்தான் முடியும். வீக்கத்தின் தடிமனை அளக்க ஓ.சி.டி. ஸ்கேன் வேண்டும். இந்த நோய்க்கு மட்டும் பழக்கிய கருவி பக்கத்திலேயே கண் நீர் அழுத்த நோய் இருந்தாலும் வாய் திறக்காமல் போகலாம்.

இன்னும் இரண்டு விஷயம், அடிக்கடி தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதால். சர்க்கரை தாறுமாறாக ஏறி இறங்கும் நாட்களில் பார்வை மங்கினால் அது பெரும்பாலும் கண்ணின் லென்ஸ் நீர் உறிஞ்சுவதால் வருவது. விழித்திரைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்த நேரத்தில் ஓடிப்போய்ப் புதுக் கண்ணாடி வாங்கினால் சர்க்கரை அடங்கியதும் அது ஒத்துவராது. மற்றது, நீண்டநாள் கட்டுக்கடங்காமல் இருந்த சர்க்கரையைத் திடீரென்று இறக்கினால் விழித்திரை சில மாதங்களுக்கு மோசமாவதும் உண்டு. அதற்காகச் சர்க்கரையை இறக்காமல் இருந்துவிடக் கூடாது. 1993-இல் முடிந்த டி.சி.சி.டி. ஆய்வில், முதல் வகை நோயாளிகள் கட்டுப்பாட்டை இறுக்கியதால் விழித்திரை நோய் புதிதாக வருவது 76 சதவீதம் குறைந்தது. இறக்குவதற்கு முன்னால் கண்ணையும் பார்த்துக்கொண்டு இறக்க வேண்டும். ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதத்திலேயே பார்ப்பதும் அவசியம்; கர்ப்ப காலத்தில் நோய் வேகமெடுக்கலாம்.

ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த முகாமில், நூல் கோத்துருவேன் என்ற ஒரு பாட்டியைக் கேமரா முன்னால் உட்காரவைத்தார்கள். தாடையைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, பச்சைப் புள்ளியைப் பார்க்கச் சொல்லி, பளிச்சென்று ஒரு வெளிச்சம். பரிசோதித்த பெண் எதையும் விளக்கவில்லை. திரையைப் பாட்டி பக்கம் திருப்பினாள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம். மரக்கிளை போல ரத்தக்குழாய்கள். ஒரு ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு சிவப்புப் புள்ளிகள், நடுவை நோக்கி ஒரு மஞ்சள் துணுக்கு.

பாட்டி கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “இது யாரு கண்ணும்மா?”

“உங்களுதுதான் பாட்டி.”

பாட்டி கையை நீட்டி, திரையிலிருந்த அந்த மஞ்சள் துணுக்கை விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.